ஏழரைக்கு வந்த சாமி

ஏப்ரல் 20, சனி

நேற்று சுங்கைப்பட்டாணியில் அந்தக் காப்பிக்கடை மாடியில் வாசித்தோம். வயிறு இன்னும் எரிகிறது.

கறுப்புச் சட்டை மெட்டல் பையன்கள் ஒரு கூட்டம் முன்னால் நின்றது. முதல் பாட்டுக்குத் தலையை ஆட்டினார்கள். சசிகுமார் சாக்ஸபோனை வாயில் வைத்தானோ இல்லையோ, இது லிஃப்டில் ஓடுகிற பாட்டு என்று கிண்டலடிக்க, அதில் ஒருத்தன் லிஃப்டுக்குள் நிற்கிற மாதிரி பொத்தானை அமுக்கிக் காட்டுகிறான். கூட இருந்தவன்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறான்கள். பின்னால் பினாங்கிலிருந்து வந்த ஜாஸ் ரசிகர் ஒருவர், வெள்ளைத் தாடி, இஸ்திரி போட்ட சட்டை. நான் டிரம்ஸின் இரட்டைப் பெடலை மிதிக்கத் தொடங்கியதும் டிஷ்யூவை உருட்டிக் காதில் செருகிக்கொண்டார். முடிந்த பிறகு என்னிடம் வந்து, கை நன்றாக ஓடுகிறது, ஆனால் ஒரு பெண்ணுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார். டிரம்ஸை வேறு எதோடு வாசிப்பதாம்? சாம்பிராணி போட்டுக்கொண்டா?

ஜாஸையும் ஹெவி மெட்டலையும் ஒன்றாகப் போட்டு வாசிக்கிற குழு கெடா மாநிலத்தில் வேறு கிடையாது. ஏன் கிடையாது என்று நேற்று நன்றாகப் புரிந்தது. அவனுக்கு இது சத்தம் போதாது, இவருக்கு இது சத்தம் அதிகம். நடுவில் நாங்கள் நாலு பேர்.

குழுவுக்குப் பெயர் ஏழரை. எங்கள் முதல் பாட்டு ஏழரை எண்ணிக்கையில் சுற்றும், அதனால் எங்கள் கிட்டார்காரன் வசந்தன் வைத்தான். சொந்தக்காரர்கள் எல்லாம் உங்களுக்கு எப்போது விலகும் என்று கேட்கிறார்கள். அவர்கள் பங்குக்கு.


ஏப்ரல் 23, செவ்வாய்

காலை ஷிப்ட். ஹைடெக் பார்க் தொழிற்சாலையில் தலை முதல் கால் வரை வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு கண் மட்டும் தெரிய நிற்கும்போது ஒரு வசதி, முகத்தில் என்ன ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது. இடைவேளையில் எங்கள் கச்சேரி வீடியோவுக்கு வந்த கருத்துகளைப் படித்துவிட்டேன். படித்திருக்கக் கூடாது.

வசந்தனுக்கு ஒரு பழக்கம். கிட்டார் பிளக்கை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு கைப்பேசிகளை நிறுத்துவான். ஒன்று எங்களைப் பார்த்து, இன்னொன்று கூட்டத்தைப் பார்த்து. பாட்டைவிடப் பாட்டைக் கேட்கிறவன் முகத்தைப் பார்க்கத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும் என்பது அவன் கண்டுபிடிப்பு. கூலிமில் கைப்பேசிக் கடை வைத்திருப்பவன், அவனுக்குத் தெரியாதா. அந்த லிஃப்ட் பையனையும் டிஷ்யூ தாத்தாவையும் ஒட்டவைத்துப் போட்டிருக்கிறான். நம்மை நாமே கேவலப்படுத்தி விற்கிற வியாபாரம்.

"உன் முகமும் அதுல இருந்தா இன்னும் ஓடும் யோகா" என்றான். போனை வைத்தேன்.


ஏப்ரல் 27, சனி

கோவில் செயலாளர் முருகையா மாமா வீட்டுக்கு வந்தார். பாடாங் மேஹா தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழா அடுத்த வாரம். கடைசி நாள் கலைநிகழ்ச்சிக்குப் பேசி வைத்த இசைக்குழு கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டதாம். வேறு யாரும் கிடைக்காததால் எங்களைக் கேட்கிறாராம். அதையும் அப்படியே வாய் கூசாமல் சொல்கிறார். முதலில் பக்திப் பாட்டு, அப்புறம் எங்கள் இஷ்டம், ஆனால் பேய்க் கத்தல் கத்தக் கூடாது.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்து, "வாசிக்கட்டும் தம்பி. நானும் இவ வாசிக்கறத நேர்ல கேட்டதே இல்ல" என்றார். அதற்கப்புறம் நான் என்ன சொல்வது?

அம்மா பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறார். என் கச்சேரி எதற்கும் வந்ததில்லை. நான் கூப்பிட்டதும் இல்லை. ஆனால் கோவிலுக்கு ஒரு வெள்ளி தவறமாட்டார். அப்பா இருந்த காலத்தில் திருவிழாவில் உறுமி மேளம் அருகில் வந்தால் போதும், அம்மாவுக்கு அருள் வந்துவிடும். அதற்காக மேளக்காரர்களே அம்மா எங்கே நிற்கிறார் என்று பார்த்து நடப்பார்கள். ஊர்ச்சனம் வாக்குக் கேட்க வரிசையில் நிற்கும். அப்பா செத்த வருஷம் யாரும் எதுவும் சொல்லவில்லை. பார்த்தார்கள், அவ்வளவுதான். அம்மாவே நகர்ந்து நகர்ந்து, பந்தலுக்கு வெளியே செருப்பு கழற்றும் இடத்துக்கு வந்து சேர்ந்தார். அருளும் நின்றது. நானும் அம்மாவோடு அங்கேயே நின்று கும்பிட்டுவிட்டு வருவேன்.


மே 4, சனி

கோவிலில் வாசித்தோம். இன்று எழுத முடியாது. அம்மா கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை.


மே 5, ஞாயிறு

வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

பக்திப் பாட்டு ஒழுங்காகப் போனது. முன்னால் நாற்காலி போட்டு முருகையா மாமாவின் ஆட்கள் தாளம் போட்டார்கள். அம்மா பழைய இடத்தில், செருப்புகள் பக்கத்தில். பிறகு எங்கள் பாட்டுகள். இரண்டாவது பாட்டிலேயே பாதி நாற்காலி காலி. கச்சான் கடலை வண்டிக்கும் பலூன்காரனுக்கும் நல்ல யாவாரம். எனக்கு ஏறிவிட்டது. கடைசிப் பாட்டு 'செம்மண் லோரி'யை எடுக்கும்போது, போகிறவனெல்லாம் போ, காதைப் பொத்திக்கொண்டு போ என்றுதான் உட்கார்ந்தேன்.

அந்தப் பாட்டின் நடுவில் எல்லாரும் நின்றுவிடுவார்கள். நான் மட்டும் ஃப்ளோர் டாம் என்கிற பெரிய டிரம்மில் ஒரு குச்சியை இழுத்து, ஒரு குச்சியால் அடிப்பேன். உறுமியிலிருந்து எடுத்ததுதான். சின்ன வயதில் ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடி ஓடிக் கேட்டதை ஏழரைக்குள் மடக்கிப் போட்டிருக்கிறேன். கொஞ்ச நேரத்தில் ஆ செங் பாஸ் கிட்டாரோடு வந்து சேருவான். அப்புறம் சசிகுமாரின் சாக்ஸபோன் மேலே போய் அலறும். கடைசியில் வசந்தன். சுற்றுக்குச் சுற்று வேகம் ஏறும்.

சாக்ஸபோன் அலறத் தொடங்கியபோது கூட்டம் விலகியது. அம்மா வருகிறார். கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில். இரண்டு கையும் முஷ்டி. காலி நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு நேராக மேடைக்கு முன்னால், அப்பா செத்த பிறகு கால் வைக்காத இடத்துக்கு, வந்து ஆடினார். என் அடிக்குச் சரியாக. ஏழரையில் ஆடினார். சசிகுமாரே இன்னும் எண்ணிக்கொண்டுதான் வாசிக்கிறான், அம்மா ஒரு இடத்தில்கூடத் தப்பவில்லை. பிறகு வாயைத் திறந்து ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை.

நான் நிறுத்திவிட்டேன்.

சாமி வந்திருக்கிறது என்று மூளைக்குத் தெரிந்தது. ஆனால் அது அம்மா. என் அம்மா. எழுந்து ஓடினேன். அதற்குள் அம்மா சரளைக்கல் மேல் விழுந்திருந்தார். பெண்கள் பிடித்தார்கள். முருகையா மாமா நெற்றியில் விபூதியை அப்பி, தூக்குங்க தூக்குங்க என்று அவசரப்படுத்தினார். வசந்தன் நின்றான், சசிகுமார் நின்றான். அந்த ஆ செங் மட்டும் நிறுத்தவில்லை. என் அம்மா கல் மேல் கிடக்கிறார், இவன் பாஸ் கிட்டாரைத் தட்டிக்கொண்டே இருக்கிறான், அதே சுற்று, அதே வேகம். கண்ணை மூடிக்கொண்டு. கையில் இருந்த குச்சியை அவன் மேல் எறிந்தேன். தோளில் பட்டது. அப்போதுதான் நிறுத்தினான். சீனனுக்கு என்ன தெரியும் என்று வாய்க்குள் திட்டினேன். சத்தமாகவே திட்டினேனோ என்னவோ.


மே 6, திங்கள்

வசந்தன் அதைப் போட்டுவிட்டான். கூட்டத்தைப் பார்த்த கைப்பேசியில் எடுத்ததை. என் அம்மா முகத்தை. "எங்க பாட்டுக்கு சாமியே இறங்கும்" என்று தலைப்பு.


மே 8, புதன்

வேலைக்குப் போகிற பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த பெண் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நான் யார் என்று தெரியாது.

ஆன்ட்டிக்கு இப்படித் தலையாட்டச் சொல்லிக்கொடுத்தது யார் என்று ஒருத்தன். சாமிக்கே காது வலிக்குது போல என்று இன்னொருத்தன். இது நடிப்பு, காசு கொடுத்து ஆடவிட்டிருக்கிறார்கள் என்று ஒரு மேதாவி. மதத்தைக் கேவலப்படுத்துகிறார்கள், போலீசில் சொல்லுங்கள் என்று பத்துப் பேர். எல்லாவற்றையும்விட வயிறு எரிந்தது அந்த லிஃப்ட் பையன் எழுதியதைப் படித்துத்தான்: இதுதான் நிஜ மெட்டல், இந்த அம்மாவைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று. சாக்ஸபோனுக்குச் சிரித்தவன். இப்போது நாங்கள் நிஜமாகிவிட்டோம். என் அம்மா கல் மேல் விழுந்ததால்.

வேலை முடிந்து நேராகக் கூலிம் கடைக்குப் போனேன். வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்றான் வசந்தன். இருக்கட்டும் என்றேன்.

"ஜார்ஜ் டவுன் விழாவுல கூப்பிட்டிருக்காங்க யோகா. பெரிய மேடை. இந்தக் கிளிப்பப் பாத்துத்தான் கூப்பிட்டாங்க. எத்தன வருஷமா இதுக்குத்தான லா நாய் மாதிரி அலையுறோம்."

"உங்கம்மாவப் போட்டுருப்பியா?"

கைப்பேசியை எடுத்தான், அழித்தான். ஆனால் அது எத்தனையோ பேர் கைக்குப் போய்விட்டது, அதுவும் அவனுக்குத் தெரியும். குழுவை விட்டு விலகுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். என் சிம்பல் தட்டுகளை அப்புறம் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அவன் முகம் போன போக்கைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.


மே 10, வெள்ளி

அம்மா அன்றிலிருந்து சரியில்லை. பேச்சு இல்லை. தோளும் பிடரியும் தொட்டால் கல்லாக இருக்கிறது. சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் தானாக மடங்கிக்கொள்கின்றன. கிளினிக்கில் பார்த்தோம், எல்லாம் நார்மல், வலி மாத்திரை கொடுத்தார்கள். கேன்டீனுக்கும் போகவில்லை. அவமானம் ஆளைத் தின்கிறது. கிளிப்பை அம்மாவிடம் யாரோ காட்டியிருக்கிறார்கள். யார் என்று தெரிந்தால் தெரியும் சேதி.

சாயங்காலம் அம்மாவைக் கோவிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலிலேயே முருகையா மாமா மறித்தார். நல்ல விதமாகத்தான் பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நிர்வாகத்தில் பேசினார்களாம். வந்தது சாமி இல்லையாம். ஆத்தா உறுமிக்கு வருவாள், பம்பைக்கு வருவாள், இந்த மாதிரிக் கத்தலுக்கெல்லாம் வரமாட்டாளாம். அதுவும் தாலி இழந்தவள் மேல். ஏதோ காத்துக்கருப்பு அண்டியிருக்கிறது, கழிப்புக் கழித்துவிட்டு வரலாம், அதுவரை வீட்டிலிருந்தே அக்கா கும்பிடட்டும் என்றார்.

பேய் என்கிறார். என் அம்மாவைப் பேய் பிடித்தவள் என்கிறார். வாக்குக் கேட்க வரிசையில் நின்றவர்தானே நீங்கள், உங்கள் மகளுக்குக் கல்யாணம் கூடுமா என்று அழுதவர்தானே என்று கேட்டேன். தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தார், இத்தனை நாளில் முதல் தடவையாக. "அடுத்த வெள்ளி உறுமிய வரச் சொல்லு தம்பி. சாமியா பேயான்னு பாத்துரலாம்."

முருகையா மாமா இதை எதிர்பார்க்கவில்லை. சரி என்று தலையாட்டினார்.


மே 14, செவ்வாய்

ஏன்மா ஒத்துக்கிட்டீங்க, அவங்களுக்கு என்ன நிரூபிக்கணும் என்று கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.


மே 17, வெள்ளி

வந்தார்கள், சுங்கை லாலாங் உறுமிக் குழு. குற்றம் சொல்ல முடியாது, அருமையாக வாசித்தார்கள். எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அம்மாவைச் சந்நிதிக்கு முன்னால் நிற்கவைத்தார்கள், இத்தனை வருஷம் கழித்து, சோதனைக்காக. சுற்றிலும் கைப்பேசி. திருவிழாவுக்குக்கூட வராத முகங்கள். அம்மா கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார். உறுமிக்காரன் காதருகில் வந்து இழுத்தான். பம்பைக்காரன் வேர்த்துக் கொட்டினான்.

ஒன்றுமில்லை. கால் விரல்கூட அசையவில்லை.

ரொம்ப நேரம் அடித்தார்கள். ஒருத்தி வாயைப் பொத்திச் சிரித்தாள், பார்த்துவைத்துக்கொண்டேன். கடைசியில் முருகையா மாமா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தார், போதாதா. அம்மா குனிந்து செருப்பைத் தேடினார். பட்டையை மாட்ட, மடங்கிய விரல் நிமிரவில்லை. நான் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். அந்த நிமிஷம் அந்தக் கோவிலைக் கொளுத்தச் சொன்னால் கொளுத்தியிருப்பேன். இதை எழுதக் கூடாதுதான். எழுதிவிட்டேன்.

காரில் பாதி வழியில் அம்மா, பசங்க நல்லாத்தான் அடிச்சாங்க என்றார். நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன். இவங்க யாரும்மா உங்கள சோதிக்கறதுக்கு என்று கத்தினேன். வசந்தனைத் திட்டினேன், ஊரைத் திட்டினேன், போன்காரர்கள் எல்லாரையும் திட்டினேன்.

"அதெல்லாம் கெடக்கட்டும். நீ ஏன் நிறுத்துன?"

எனக்கு முதலில் புரியவில்லை.

"ஆத்தாவக் கூப்பிட்டு வரவழச்சவ நீ. மலையேத்தாம பாதியில நிறுத்திட்டு எந்திரிச்சு ஓடி வர்ற. அவ எப்படிடி போவா? என் ஒடம்புல நின்னுக்கிட்டு இருக்கா. போகவும் முடியாம, பேசவும் முடியாம. இவனுங்க அடிச்சா அவளுக்கு வழி தெரியாது. அவ வந்த அடி அது இல்ல."

மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போடக் கை வரவில்லை எனக்கு.


மே 18, சனி

அப்படியானால் அம்மாவைத் தின்றது அவமானம் இல்லை. அந்தக் கிளிப் இல்லை, கருத்துகள் இல்லை, முருகையா மாமாகூட இல்லை. அம்மா அதையெல்லாம் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நான்தான் யார் யாரோடோ மல்லுக்கு நின்றேன். என்னிடம்தான் கணக்கு இருந்திருக்கிறது. சொல்லியிருக்கலாமே? அன்றே சொல்லித் தொலைத்திருக்கலாமே? இதற்கும் கோபம் வருகிறது, என்ன பிறவி நான்.

ஆனால் தெரியும்தானே எனக்கு. சாமி வந்தால் மேளம் நிற்கக் கூடாது. அவள் வந்த வேலையைச் சொல்லி, கற்பூரம் காட்டி, விபூதி வைத்து, மலையேறிய பிறகுதான் கடைசி அடி. ஊர்வலத்துக்குப் பின்னால் ஓடிய எந்தப் பிள்ளைக்கும் தெரியும் இது. அடியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதனோடு ஒட்டி வருவதை எடுத்துக்கொள்ளவில்லை.

ஆ செங்கைக் கூப்பிட்டேன். தோள் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தான். ஏன் அன்றைக்கு நிறுத்தாமல் வாசித்தாய் என்று கேட்டேன். அவன் சித்தப்பா அவர்களுடைய சீனக் கோவிலில் சாமி இறங்குகிற ஆளாம். சின்னப் பையனிலிருந்து அவன் அங்கே முரசு அடித்திருக்கிறான். இதை நாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

"ஜாங்கான் பெர்ஹெந்தி லா, யோகா. பெர்ஹெந்தி, டியா சங்குட்."

நிறுத்தாதே, நிறுத்தினால் மாட்டிக்கொள்ளும். அவ்வளவுதான் சொன்னான். நாங்கள் எல்லாரும் கைவிட்ட பிறகு, குச்சியடி வாங்கும் வரை, ஒருத்தன் அம்மாவுக்காகப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனைத்தான் நான் திட்டினேன்.


மே 21, செவ்வாய்

வசந்தனைக் கூப்பிட்டேன். விலகினவள் நானே கூப்பிட வேண்டியிருக்கிறது, பல்லைக் கடித்துக்கொண்டு கூப்பிட்டேன். விஷயத்தைச் சொன்னேன். சனிக்கிழமை ஸ்டுடியோ சும்மாதான் இருக்கும், அம்மாவைக் கூட்டி வா என்றான்.

சசிகுமார் பயந்து சாகிறான். வராமல் இருந்தால் சாக்ஸபோனை வளைத்துவிடுவேன் என்றேன்.


மே 25, சனி

டயர் கடைக்கு மேலே இருக்கிறது எங்கள் ஸ்டுடியோ. ஜன்னல் இல்லை, சுவர் முழுக்க முட்டை அட்டை. அம்மா மஞ்சள் புடவை கட்டி, வேப்பிலை, எலுமிச்சம்பழம், கற்பூரம், விபூதி எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்து நாங்களும் கழற்றினோம். நான் வெறுங்காலோடு பெடலை மிதித்ததில்லை இதுவரை.

வசந்தன் இரண்டு கைப்பேசியையும் காரிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். நான் கேட்காமலே. விபூதி வைப்பதும் கற்பூரம் காட்டுவதும் யார் என்று அம்மா கேட்டார். நான் அடிக்க வேண்டும். சசிகுமாருக்கும் ஆ செங்குக்கும் கை காலியில்லை. "நீயே வையி தம்பி" என்று வசந்தனிடம் தட்டை நீட்டினார். வாங்கிக்கொண்டான். அவன் முகத்தை நான் அப்புறம் பார்க்கவே இல்லை.

விட்ட இடத்திலிருந்து எடுத்தோம். என் அடி, பிறகு பாஸ், பிறகு சாக்ஸபோன். சசிகுமார் முதலில் கண்றாவியாக வாசித்தான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அம்மா நின்றுகொண்டே இருக்கிறார். போன வாரம் கோவிலில் நின்ற மாதிரியே கைகூப்பி. வராதா? வராவிட்டால் என்ன செய்வேன்? ஆ செங் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான், போ என்று. சசிகுமார் கண்ணை மூடினான். அதற்கப்புறம் அவன் வாசித்த மாதிரி அவன் என்றைக்கும் வாசித்ததில்லை.

வந்தாள்.

ஆடினாள். அந்தச் சின்ன அறையில், கேபிள்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே, ஒன்றிலும் கால் இடறாமல். வசந்தன் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டுத் தட்டோடு நின்றான். கீழே டயர் கடைக்காரர்கள் கூரையைத் தட்டினார்கள், தட்டட்டும். பிறகு ஆட்டம் குறைந்து, மூச்சு வாங்க, என் டிரம்ஸுக்கு நேர் எதிரே வந்து நின்றாள். நான் அடித்துக்கொண்டே இருந்தேன். கை மரத்துவிட்டது.

"என்னக் கூப்புட்டுட்டு ஏன்டி பாதியில விட்ட?"

"தப்புதான் தாயே" என்றேன். அடித்துக்கொண்டே.

"இவள ஏன்டி பின்னால நிக்க விட்ட?"

இவளை என்றது அம்மாவை. கேட்டது என்னை. முருகையா மாமாவை இல்லை, ஊரை இல்லை. இத்தனை வருஷம் செருப்புக் குவியல் பக்கத்தில் அம்மாவோடு நானும் நின்று கும்பிட்டேனே, ஒரு நாள் கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போகத் தோன்றியதா எனக்கு? கண்டவனுக்கெல்லாம் கோபப்பட்டேன், அதற்கு மட்டும் ஒரு தடவைகூடக் கோபம் வரவில்லையே. அழுதேன். அழுதால் எண்ணிக்கை தப்பும், தப்பக் கூடாது, ஆ செங்கின் கையைப் பார்த்துக்கொண்டே அடித்தேன்.

அவளும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஆ செங் தலையில் ஒரு கை வைத்துவிட்டு, வசந்தன் பக்கம் திரும்பி நெற்றியைக் காட்டினாள். அவன் கற்பூரத்தைக் காட்டி விபூதியை வைத்தான். அம்மா மெதுவாகக் கார்பெட்டில் உட்கார்ந்தார். கடைசி அடியைப் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா தண்ணீர் கேட்டார். கையை மடக்கி விரித்துப் பார்த்தார். பிறகு சசிகுமாரைப் பார்த்து, அந்தக் கொழலு நல்லாருக்கு தம்பி, ஆனா ரொம்ப மூச்சு முட்டுமே, சாப்பிட்டியா என்று கேட்டார்.


மே 28, செவ்வாய்

அம்மா கேன்டீனுக்குப் போய்விட்டார்.

ஜார்ஜ் டவுன் இல்லை. 'செம்மண் லோரி'யை இனி மேடையில் வாசிப்பதில்லை என்று நாங்கள் நாலு பேரும் முடிவெடுத்தோம். வேறு பாட்டு வாசிக்கிறோம் என்று வசந்தன் கேட்டுப் பார்த்தான். அந்தப் பாட்டுத்தான் வேண்டும், முடிந்தால் அந்த அம்மாவும் வேண்டும் என்றார்களாம். அவர்களுக்கு என்ன பதில் சொன்னான் என்று என்னிடம் சொல்ல மறுக்கிறான். நல்ல பதிலாகத்தான் இருக்கும், அவன் காது சிவந்திருந்தது. சிம்பல்களை எடுக்கவில்லை நான்.

கிளிப் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. யாரோ அதற்கு வேறு பாட்டைச் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். பார்த்தேன். எரிந்தது. வைத்துவிட்டேன்.


மே 31, வெள்ளி

சாயங்காலப் பூசைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோவிலுக்குப் போனேன். அம்மா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நிற்கப் பார்த்தார். கையைப் பிடித்து நடந்தேன். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். சிலர் நகர்ந்தார்கள், சிலர் நகரவில்லை, நகராதவர்களை நகர்த்தினேன். சந்நிதிக் கம்பிக்கு நேர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். முருகையா மாமா எழுந்து வந்தார். கழிப்பு இன்னும் கழிக்கலையேம்மா என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"அம்மா இங்கதான் நிப்பாங்க மாமா" என்றேன். கத்தவில்லை. நான் கத்துவேன் என்று அவர் தயாராக வந்திருந்தார் போல, அதற்குமேல் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றார். மணி அடித்தது. பூசாரி தட்டை நீட்டினார், அம்மா ஒற்றிக்கொண்டார்.

முன்னால் எனக்கு இடம் இல்லை. திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றேன். இத்தனை வருஷத்தில் அங்கே நான் தனியாக நின்றது இன்றுதான்.